ஆண்டு மலரில் வந்த தீமைகள்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் தாளாளர் படமும் என்.சி.சி. அணிவகுப்பும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் வரும். மாணவர் கட்டுரைகளுக்குப் பழுப்புத் தாள். அதில் வருஷம் தவறாமல் ஒருவர் மாணவரைச் சீரழிக்கும் தீமைகளைச் சாடியிருப்பார். முதல் குற்றவாளி சினிமா. அப்புறம் பெல்பாட்டம், காதை மூடும் கிராப்பு, சிகரெட், வேலைநிறுத்தம். முடிவில் நாளைய பாரதம் வந்தாக வேண்டும். விட்டுப்போனால் தமிழய்யாவே சேர்த்துவிடுவார்.

ஒரு வருஷம் சினிமாவைக் கிழித்தவன் விடுதியில் என் பக்கத்து அறைக்காரன். வார்டன் படுத்ததும் மதில் ஏறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் போகிறவன். கட்டுரையின் கைப்பிரதியைப் புரட்டினால் பின்பக்கத்தில் பென்சில் கணக்கு: டிக்கெட், இடைவேளை டீ, திரும்பும்போது பரோட்டா. பரோட்டாவுக்கு நேரே ‘கடன்’ என்று எழுதி அடிக்கோடு வேறு. மறுநாள் முதல் வகுப்பில் அவனுக்காகக் குரல் மாற்றி ‘எஸ் சார்’ சொல்லத் தனிக்குழுவே இருந்தது.

அதே கட்டுரையில் ஆணும் பெண்ணும் பழகுவதால் வரும் கேட்டுக்கு முழுசாக இரண்டு பக்கம். எங்களுடையது ஆண்கள் கல்லூரி. எம்.எஸ்ஸி.யில் மட்டும் சில பெண்கள். அவர்களும் பேராசிரியர் பின்னாலேயே வந்து அவர் பின்னாலேயே போய்விடுவார்கள். அந்தத் தீமை எங்களை அண்ட வழியே இல்லை. அந்த எரிச்சலில் எழுதியதோ என்னவோ, கட்டுரையில் அனல் பறக்கும்.

வேலைநிறுத்தத்தைத் திட்டியதுதான் வேடிக்கை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவுக்கு வந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். பத்து வருஷம் கழித்து எங்கள் மலருக்கு அது சிகரெட்டுக்கு அடுத்த கெட்ட பழக்கம்.

இன்று அந்தச் சினிமாவுக்கு மூன்று வருஷப் பட்டப்படிப்பே இருக்கிறது, விஸ்காம் என்கிறார்கள். கல்ச்சுரல்ஸுக்கு நடிகர் வந்தால் முதல்வரே வாசலில் சால்வையோடு நிற்கிறார். ஆணும் பெண்ணும் பழகக் கூடாது என்ற மற்ற கோரிக்கையை நிறைவேற்றியவை 1984-க்குப் பிறகு முளைத்த சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் சில. பையனும் பெண்ணும் பேசினால் அபராதம், பேருந்தில் தனித்தனி வரிசை. நம் கட்டுரையாளரின் மகள் அப்படி ஒன்றில் படித்தாள். வகுப்புப் பையனிடம் ரெக்கார்டு நோட்டு வாங்கியதற்கு அபராதம் போட்டார்கள். “இது காலேஜா, ஜெயிலாடா?” என்று என்னிடம் போனில் கத்தினான். பழைய மலர் என்னிடம் பத்திரமாக இருப்பதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டான்.

அந்த மலரை மறுபடி புரட்டினேன். தீமைகளின் பட்டியலில் ராகிங் இல்லை. வேறு பக்கத்தில் இருந்தது, நகைச்சுவைப் பகுதியில். முதலாண்டுப் பையன் ஒருவன் விடுதி வராந்தாவைத் தீக்குச்சியால் அளந்த கதை, பக்கத்தில் கார்ட்டூனோடு. அளந்தவன் என்ன நினைத்தான் என்று அதில் ஒரு வரி கிடையாது. நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த பக்கம் அது. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் நாடு விழித்தது. 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்.

பெல்பாட்டத்துக்கு எதிராக இதுவரை சட்டம் எதுவும் வரவில்லை.