ராகுகாலத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை

பத்திரப்பதிவு நாளன்று விலையைக் குறைக்கச் சொல்கிறவரை முதல் சந்திப்பில் அடையாளம் காண முடியாது. வீடு பார்க்க வரும்போது அத்தனை சாது. "பார்த்ததுமே என் வீட்டம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சு" என்பார். எண்பத்திரண்டு லட்சம் சொன்னால் எண்பது கேட்பார். கிடைத்ததும் மறுபேச்சு இல்லாமல் அட்வான்ஸைக் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். வீட்டை விற்கிறவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். தூங்கட்டும் என்றுதான் அவரும் விட்டுவைத்திருக்கிறார்.

ஏனென்றால் அன்றைக்கே அவர் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மாடிப்படி ஓரத்து விரிசல், 2015 டிசம்பர் வெள்ளம் மடிப்பாக்கத்துச் சுவரில் விட்டுப்போன கோடு, பக்கத்து வீட்டு வேப்பமரம் இந்தப் பக்கம் கொட்டும் சருகு. எதைப் பற்றியும் வாய் திறக்கமாட்டார். பலகாரச் சீட்டுக்குப் பணம் கட்டுகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்து, மொத்தமாக எடுக்கும் நாளுக்காகக் காத்திருப்பார்.

நியாயமாக விலையைத் திரும்பப் பேசுகிறவர்களும் உண்டு. வில்லங்கச் சான்றில் தீராத அடமானம் தலைகாட்டுகிறது, பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, பிளானில் இல்லாத அறை ஒன்று மொட்டை மாடியில் முளைத்திருக்கிறது என்றால் யார்தான் பேசமாட்டார்கள்? அப்படி எதுவும் அகப்படாத காகிதக் கட்டுதான் நம்மவரைச் சங்கடப்படுத்தும். வக்கீல் "எல்லாம் கிளியர் சார்" என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வாட்டம் ஓடும்.

ஒரே வீட்டுக்கு அவரிடம் மூன்று விலை உண்டு. கடன் கொடுக்கும் வங்கியிடம், "ஏரியா எங்கேயோ போயிடுச்சு சார், நீங்க போட்ட வேல்யூ ரொம்பக் கம்மி" என்று வாதாடுவார். அதே மதிப்பீட்டு அறிக்கையை விற்பவரிடம் நீட்டி, "பேங்க்காரனே இவ்வளவுதான் போட்டிருக்கான், நான் என்ன பண்ண?" என்பார். அரசு வழிகாட்டி மதிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், இந்தத் தெருவுக்கெல்லாம் இவ்வளவா என்று அங்கலாய்ப்பார். டி.டி.எஸ். இன்னொரு கூத்து. ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் போகிற வீட்டுக்கு, வாங்குகிறவர் ஒரு சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டவேண்டும். பிடிப்பது விற்பவருக்குச் சேரவேண்டிய பணத்தில்தான். ஆனால் அவர் சொல்வதைக் கேளுங்கள்: "எண்பதாயிரம் உங்களுக்காக நான் கட்டறேன். நீங்களும் கொஞ்சம் பார்த்துப் பண்ணணும் இல்லையா?"

நேரம் குறிப்பதில் அவர் ஜோசியரை மிஞ்சியவர். விற்பவர் வேறு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரா, சாமான் ஏற்றுகிற லாரிக்குச் சொல்லிவிட்டாரா, அமெரிக்கா திரும்ப டிக்கெட் எந்தத் தேதிக்கு என்பதெல்லாம் காபி குடித்தபடி விசாரித்த குசலங்கள். புரோக்கரின் வாயை அடைப்பது அதைவிடச் சுலபம். பேரம் முறிந்தால் இரண்டு பக்கத்துக் கமிஷனும் போய்விடும் என்பது புரோக்கருக்கே தெரியும்.

மடிப்பாக்கத்து வீட்டை விற்றவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முகூர்த்த வெள்ளிக்கிழமை, பத்து மணி டோக்கன். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே கல்யாண மண்டபத்துக் கூட்டம். பத்திர எழுத்தர் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தார். சாட்சிகள் இருவரும் ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு வடை தின்றார்கள். ஒன்பதே முக்காலுக்கு நம்மவர் டீச்சரைத் தனியே அழைத்தார்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்ல ஒரே சண்டை. வெள்ளத் தண்ணி வந்த வீடாமேன்னு அழறா. பத்திரம் எண்பதுக்கே இருக்கட்டும். ரெண்டு மட்டும் அப்புறமாத் திருப்பிக் குடுத்துடுங்க. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டா உள்ள போயிடலாம்."

புரோக்கர் செருப்பைப் பார்த்தார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, முத்திரைத் தீர்வை எவ்வளவு?"

"ஏழு பர்சென்ட்மா."

"பதிவுக் கட்டணம்?"

"ரெண்டு. 2023-லதான் நாலுலேர்ந்து குறைச்சாங்க." விலை குறைந்த எதுவும் அவருக்கு ஆண்டோடு நினைவிருக்கும்.

"ஆக ஒன்பது. எண்பது லட்சத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம். அதைக் கட்டியாச்சா?"

"ஆன்லைன்ல முந்தாநாளே கட்டியாச்சும்மா."

"வக்கீலுக்கு? பேங்க்ல பிராசசிங் ஃபீஸ்?"

அவர் பதில் சொல்லவில்லை. டீச்சர் மூலப்பத்திரத்தை மஞ்சள் பைக்குள் வைத்தார். "எனக்கு லாரி வாடகைதான் நஷ்டம். நீங்க கட்டினதைத் திரும்ப வாங்க எத்தனை தடவை நடக்கணும்னு எழுத்தரைக் கேட்டுக்குங்க" என்று சொல்லி ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

நம்மவர் ஓடினதை நான் டீக்கடையிலிருந்து பார்த்தேன். அந்த உடம்புக்கு அந்த வேகம் அபாரம். "அம்மா, அம்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா! நமக்குள்ள என்ன?"

ஒரு பேச்சுக்குத்தான் டீச்சரும், "அப்போ இப்ப எண்பத்தொண்ணு" என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி, எண்பதே இருக்கட்டும், வாங்க" என்று திரும்பினார். பத்து இருபதுக்குப் புகைப்படம், விரல்ரேகை எல்லாம் முடிந்தது. எண்பது லட்சத்தில் பைசா குறையவில்லை.

வெளியே வந்தும் அவருக்கு மனம் ஆறவில்லை. டீச்சர் ஆட்டோவில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஹால்ல இருக்கற அந்த இன்வெர்ட்டரையாவது விட்டுட்டுப் போங்களேன்."

"அதைக் காலையிலேயே கழட்டியாச்சு தம்பி" என்றார் டீச்சர்.