பத்து விமானம், பதின்மூன்று நாள்

கேள்வி: குரோஷிய விமானி மாட்டோ டுகோவாக் இரண்டாம் உலகப் போரில் 44 விமானங்களை வீழ்த்தினாராமே? நம்மிடம் அப்படி யாரும் இல்லையா?
– ஒரு வாசகர், திருமுல்லைவாயில்

பதில்: 44 என்பது அவர் தரப்புக் கணக்கு. நாஜிகள் பக்கம் நின்றவர், 1944-இல் சோவியத் பக்கம் தாவினார். பிறகு யூகோஸ்லாவியா, 1948-இல் சிரியா, கடைசியில் கனடா. நம்ம ஊர் அரசியல்வாதிகளே அவரிடம் பாடம் கேட்கலாம்!

நம்மவர், முதல் உலகப் போரில் பறந்த, கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய். உங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயில் கதையில் தொண்டைமான் மன்னனின் யானையை முல்லைக்கொடி தடுத்தது. பிரிட்டிஷ் விமானப் படையில் சேரப் போன ராயைத் தடுத்தது கண் பரிசோதனை. பையன் விட்டானா? மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் மருத்துவரிடம் போய், 'பார்வை சரி' என்று எழுதி வாங்கி வந்தான். 1917 டிசம்பரில் விமானம் விழுந்தது. செத்துவிட்டான் என்று பிணவறையில் போட்டார்களாம். எழுந்து கதவைத் தட்டினானாம். உள்ளே இருந்தவனைவிட வெளியே இருந்தவர்தான் பாவம்.

1918 ஜூலையில் பதின்மூன்றே நாளில் பத்து வெற்றி. ஐந்து இருந்தாலே 'ஏஸ்' பட்டம். ஜூலை 22-இல் பிரான்ஸ் வானில் வீழ்ந்தபோது வயது 19. டி.எஃப்.சி. என்னும் பிரிட்டிஷ் வீர விருது அதன் பிறகுதான் வந்தது. நம் தபால்தலை வந்தது 1998-இல்.