எடை பார்க்கத் துறையும் வர வேண்டும்

பெறுநர்: உடற்கல்விப் பிரிவு அலுவலர்கள், பள்ளிக் கல்வித் துறை, பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், கல்லூரிச் சாலை, சென்னை – 6.

அனுப்புநர்: டீக்கடை பெஞ்சு (பதிவு செய்யப்படாதது), ராயபுரம், சென்னை – 13.

பொருள்: பள்ளி அளவிலான குத்துச்சண்டை, மல்யுத்தம் – பிள்ளைகளுக்கு நூறு கிராம்கூட விட்டுக்கொடுக்காதது – துறைக்கும் ஓர் எடைப் பிரிவு கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை (இன்னும் வந்து சேரவில்லை).

ஐயா, அம்மா,

எங்கள் பெஞ்சு கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கிற நேரமெல்லாம் எங்களுக்குக் கூட்ட நேரம். ஆகவே பெரும்பாலும் கூட்டம் நடந்துகொண்டேதான் இருக்கும். சார்பட்டா குத்துச்சண்டைப் பரம்பரை என்று சொல்லிக்கொள்கிற ஒருவர், இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று சொல்லிக்கொள்கிற ஒருவர், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற ஒருவர், 2017-ல் எண்ணூர் அனல்மின் நிலையத்தை மூடியதிலிருந்து ஓய்வில் இருக்கிற ஒருவர், கடைசியாக இதை எழுதுகிற நான். எங்களில் யாரும் வளையத்துக்குள் இறங்கியதில்லை. அதனால்தான் எல்லாருக்கும் கருத்து இவ்வளவு தெளிவாக இருக்கிறது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மல்யுத்த விரிப்பில் ஏறினாலும், ரிங்கில் ஏறினாலும், தீர்ப்பு இங்கேதான். தேர்வுக் குழு நீங்கள். மேல்முறையீட்டு மன்றம் நாங்கள். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாங்கள் தாமதமாகத் தீர்ப்புச் சொன்னால் டீ ஆறிப்போகும். நீங்கள் தாமதித்தால் ஒரு பிள்ளைக்கு வயது ஏறிப்போகும்.

முதலில் வாழ்த்து. பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பத்தையும் கேரமையும் குத்துச்சண்டையையும் ‘புதிய விளையாட்டுகள்’ என்ற தலைப்பில் வைத்திருக்கிறீர்கள். இதைக் கேட்டதும் இடியாப்ப நாயக்கர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “இன்னாபா இது? எங்க தாத்தா வெள்ளைக்காரன் கப்பல்லேர்ந்து எறங்குன சோல்ஜரோட கையுறை மாட்டுனாரு. அது புதுசா?” என்றார். சார்பட்டாக்காரர், அந்தச் சோல்ஜரை அடித்தது தன் தாத்தா என்றார். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது டிக்கெட்டுக்கு அலைந்த கதையை அனல்மின் நிலையத்துக்காரர் ஆரம்பித்தார். அது முடிவதற்குள் மூன்று லாரி நகர்ந்துவிட்டது. ஒருவிதத்தில் நீங்கள் சொல்வது சரிதான். கோப்பில் ஏறாதது எதுவும் பிறந்ததாக ஆகாது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டி இங்கே நடந்தபோதும் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகத்தான் சேர்த்தார்கள். இன்னும் நூறு வருஷம் போனால் பழைய விளையாட்டாகப் பதவி உயர்வு கிடைக்கும் என்று நம்புகிறோம்.

இனி எடைக்கு வருகிறேன்.

பதினேழு வயதுக்குட்பட்ட பையன்களின் மல்யுத்தத்தில் 48 கிலோ ஒரு பிரிவு, 51 அடுத்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் 49 கிலோவில் வந்து நிற்பான். இங்கேதான் பெஞ்சு இரண்டாகப் பிளக்கும். “ஒரு கிலோதானே நைனா, ரெண்டு நாள் தண்ணி நிறுத்து, எறங்கிடும்” என்பது சார்பட்டா. “வளர்ற புள்ளைக்கு இன்னாத்துக்குத் தண்ணிய நிறுத்தணும்? 51-ல வுடு, அடி வாங்கிக் கத்துக்கட்டும்” என்பது இடியாப்ப நாயக்கர். ஐஸ்காரர் ரெயின்கோட் போட்டு ஓடச் சொல்வார். எங்கே ஓடுவது? எண்ணூர் விரைவுச் சாலையில், லாரிப் புகைக்கும் நிலக்கரித் தூளுக்கும் நடுவே ஓட வேண்டும். அந்த மூச்சில் எடை குறையுமா கூடுமா என்று தனியாக ஒரு விவாதம் நடந்தது. முடிவு எட்டப்படவில்லை.

இவ்வளவு நேரமும் அந்தப் பையன் எச்சில் துப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். நாக்கு வறண்டவனிடம் கருத்துக் கேட்கிற வழக்கம் எந்தப் பரம்பரையிலும் இல்லை.

2024 ஆகஸ்ட் 7 காலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோவுக்கு நூறு கிராம் கூடுதலாக இருந்து இறுதிப் போட்டியை இழந்தார். இரவெல்லாம் ஓடியும், முடியை வெட்டியும், அந்த நூறு கிராம் இறங்கவில்லை. அன்றைக்கு எங்கள் பெஞ்சில் நான்கு சதிக் கோட்பாடுகள் உருவாயின. அதே ஒலிம்பிக்கில் அமன் ஷெராவத் சுமார் பத்து மணி நேரத்தில் நாலரைக் கிலோவுக்கு மேல் குறைத்து 57 கிலோவில் வெண்கலம் வாங்கினார். அதிலிருந்து சிக்கல் கூடிவிட்டது. ஒலிம்பிக் வீரர் பக்கத்தில் மருத்துவரும் சத்துணவு நிபுணரும் நிற்கிறார்கள். எங்கள் பையன் பக்கத்தில் நிற்பது நாங்கள். ஆனாலும் அமனால் முடிந்தது இவனால் ஏன் முடியாது என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பையனின் அப்பாவும் அதில் சேர்த்தி.

அமெரிக்கப் பள்ளிகளிலும் மல்யுத்தம் பெரிய விஷயம். அப்பாக்கள் அங்கேயும் இப்படித்தான். 1997 கடைசியில் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் மாறின. இப்போது அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்குப் பருவம் தொடங்கும்போதே சிறுநீரைச் சோதித்து உடம்பில் நீர் போதுமா என்று பார்க்கிறார்கள். பையன்களுக்கு உடல் கொழுப்பு 7 சதவீதத்துக்கும் பெண் பிள்ளைகளுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகிற எடைப் பிரிவில் இறங்க அனுமதி இல்லை. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரைச் சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. இந்த விதியைப் பெஞ்சில் படித்துக் காட்டினேன். ஐஸ்காரர், “அப்போ கோச்சுக்கு இன்னா வேலை?” என்று கேட்டார். துறை இந்த விதியைப் பரிசீலிக்கலாம். சிறுநீர் சோதனைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறோம்.

வயது விவகாரம் எடையைவிடக் காரமானது. டிசம்பர் 31-ஐ வைத்து வயதைக் கணக்கிடுவதால், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் பிறந்த பிள்ளைக்கும் நள்ளிரவு தாண்டியதும் பக்கத்துக் கட்டிலில் பிறந்த பிள்ளைக்கும் ஒரு வருஷம் வித்தியாசம். முதல் பிள்ளையின் அப்பா இன்று வரை அந்த நர்ஸம்மாவை மன்னிக்கவில்லை. எதிரணிப் பையனுக்கு மீசை தெரிந்தால் போதும், “இவன் அண்டர்-17-ஆ? இவன் புள்ளைக்கு அண்டர்-17 ஆட வயசாயிருக்கும்” என்று எங்கள் பக்கம் குரல் எழும். நம் பையனுக்கு மீசை தெரிந்தால் அது கருவாட்டுக் குழம்பின் சத்து.

சத்தம் போட்டாலும் இதில் உண்மை இல்லாமலில்லை. போலிப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்ததாக 2025-ல் இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பு 11 பேரை இடைநீக்கம் செய்தது. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிற முறையும் இருக்கிறது. கிரிக்கெட் வாரியம் பல வருஷமாக அதைத்தான் செய்கிறது. ஆக, பிள்ளையின் எடை கிராம் கணக்கில், வயது எலும்பு வரைக்கும். சான்றிதழில் ஒரு எழுத்து மாறினால் வீட்டுக்கு அனுப்பலாம். நல்லது. நியாயமான போட்டிக்கு இதெல்லாம் வேண்டும் என்று பெஞ்சே ஒரு மனதாகச் சொல்கிறது. எங்கள் வரலாற்றில் இது இரண்டாவது ஒருமனது.

இப்போது தங்கள் எடைக்கு வரலாமா?

2023 ஜூனில் டெல்லியிலும் போபாலிலும் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. மற்ற மாநிலத்துப் பிள்ளைகள் போனார்கள். தமிழ்நாட்டு அணி போகவில்லை. பிள்ளைகளுக்கு எடை கூடவில்லை, எலும்பு முற்றவில்லை, சான்றிதழ் போலியில்லை. தகவல் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பதுதான் விளக்கம். இனி இப்படி நடக்காது என்று அமைச்சர் சொன்னார். நூறு கிராம் கூடினால் பிள்ளைக்குத் தகுதி நீக்கம். ஒரு மாநிலமே வராமல் போனால் ஒரு விளக்கம். அப்பா அம்மா நகையை அடகு வைத்து ஷூ வாங்கிக் கொடுத்த பெண், அந்த ஜூனில் அண்டர்-19-இன் கடைசி வருஷத்தில் இருந்திருந்தால், அவளுக்கு மறு ஜூன் கிடையாது. தாமதத்துக்கு என்ன எடைப் பிரிவு என்று பெஞ்சு இரண்டு நாள் பேசியது. முடிவாக, ஹெவிவெயிட்.

இது உங்கள் துறையோடு போகிற நோய் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். மேலே பாருங்கள். 2023 டிசம்பர் 21-ல் மல்யுத்தக் கூட்டமைப்புக்குத் தேர்தல் நடந்தது. புதிய நிர்வாகம் வந்த கையோடு 15 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டிகளை அந்த மாதக் கடைசிக்குள் உத்தரப் பிரதேசத்தில் கோண்டா மாவட்டத்து நந்தினி நகரில் நடத்துவதாக அறிவித்தது. பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீணாகக் கூடாது என்பது காரணம். போதிய அவகாசம் தரவில்லை, விதி மீறல் என்று சொல்லி 24-ஆம் தேதி ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் அந்த நிர்வாகத்தையே இடைநீக்கம் செய்தது. அந்த இடைநீக்கம் விலக 2025 மார்ச் ஆயிற்று. இரண்டு பக்கமும் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தான் மோதின. இந்தச் சண்டையில் யாருக்குப் புள்ளி என்று சார்பட்டாக்காரரைக் கேட்டோம். “ரெண்டு ரெஃப்ரியும் கட்டிப் புரள்றாங்க, ஆட்டக்காரன் வெளியில நிக்கிறான்” என்றார். அவர் வாழ்நாளில் சொன்னதில் சரியானது இது ஒன்றுதான்.

பள்ளிக்குள்ளே பார்த்தால், 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000-க்கு எடுத்தீர்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. 2023-ல் சம்பளம் ரூ.12,500 ஆனது. அவர்கள் நிரந்தரப் பணி கேட்டுத் தங்கள் வளாகத்து வாசலிலேயே உட்கார்ந்த நாட்கள் உண்டு. ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். அரை நாள் வாத்தியாரிடம் முழுப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, மாவட்டப் போட்டியில் பதக்கம் எங்கே என்று கேட்பது வீரம்தான். மிச்ச நாட்களில் பி.டி. பீரியடுக்குக் கணக்கு வாத்தியார் வருவார். கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் விளையாட்டுப் பாடவேளையைக் கடன் வாங்க வேண்டாம் என்று உதயநிதி ஸ்டாலின் விளையாட்டு அமைச்சராக இருந்தபோது மேடையிலேயே கேட்டுக்கொண்டார். கைத்தட்டல் பலமாக இருந்தது. வாங்கிய கடன் எதுவும் திரும்பியதாகக் கேள்விப்படவில்லை.

குத்துச்சண்டைக்கு அரசு ஒரு அகாடமியும் கட்டியிருக்கிறது, கோபாலபுரத்தில். எங்களுக்கு வயிற்றெரிச்சல் இல்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ஒரே ரயிலில் ஏ.ஜி. – டி.எம்.எஸ். போய்விடலாம், அங்கிருந்து கோபாலபுரம் நடக்கிற தூரம்தான். காலை ஐந்து மணிப் பயிற்சிக்கு எத்தனை மணிக்கு எழுந்து எண்ணூரிலிருந்து விம்கோ நகர் வர வேண்டும், அந்நேரத்துக்கு ரயில் உண்டா என்பவை சில்லறைக் கேள்விகள். இடியாப்ப நாயக்கர்காரர் மட்டும், “சமையல் எங்க வூட்ல, பந்தி அவங்க வூட்ல” என்றார். அவர் எப்போதும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார், பொருட்படுத்த வேண்டாம்.

எனவே பெஞ்சு கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு முன்னால் துறையின் கோப்பையும் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். சுற்றறிக்கை பள்ளிக்கு வந்த தேதிக்கும் போட்டித் தேதிக்கும் நடுவே பதினைந்து நாளுக்கு ஒரு நாள் குறைந்தாலும் தகுதி நீக்கம். நூறு கிராமுக்கு இல்லாத சலுகை ஒரு நாளுக்கும் இல்லை. கையெழுத்து ஆகாமல் எத்தனை மேஜையில் தூங்கியது என்று பார்க்க மணிக்கட்டு எக்ஸ்ரே போல ஏதாவது ஒன்று எடுக்கலாம். தோற்றால் மேல்முறையீட்டுக்கு எங்கள் பெஞ்சுக்கு வரலாம். டீ எங்கள் செலவு. தீர்ப்பு மட்டும் தாமதமாகும். இரண்டு பரம்பரைக்காரர்களும் ஒத்துப்போக வேண்டுமே.

எடை பார்க்கும் நேரம் காலை ஆறு மணி. இடம், சுற்றறிக்கையில் சொல்லப்படும் இடம். தராசு எங்கள் ஐஸ்காரர் கொண்டுவருவார். மீனுக்கு நிறுத்துப் பழகிய தராசு, ஐந்து கிராம் வரை காட்டும். கோப்போடு ஆதார் நகலும் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட பிறப்புச் சான்றிதழும் இணைக்கவும். முந்தின நாள் இரவிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வரவும்.

இப்படிக்கு,
பெஞ்சுக்காக,
கடைசியாக உட்கார்ந்திருப்பவன்