ஆல்ப்ஸ் சறுக்கலுக்குப் பலகை தேர்வதும் ஆம்பூர் வட்டாரமும்: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

ஆய்வு எல்லை முதலில் வரையறுக்கப்படுகிறது. கிழக்கே ராணிப்பேட்டை, மேற்கே வாணியம்பாடி. இடையில் மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர். தோல் பதனிட்டு, ஷூ தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் இவ்வூர்கள் ஆய்வு தொடங்கியபோது வேலூர் என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. 2019-இல் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஒரு முனைவர் பட்டம் முடிவதற்குள் மாவட்டம் உடைவது நம் கல்விப்புலத்தில் புதிதல்ல.

ஆய்வுச் சிக்கல் ஒன்றே ஒன்று: இவ்வட்டாரத்தில் பனி பெய்வதில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. தரவே இல்லாத பொருளை எடுத்துக்கொண்டால் மறுப்பதற்கும் ஆள் வராது என்பதை முன்னோடி ஆய்வாளர்கள் பலர் தம் பதவி உயர்வுகளால் நிறுவியிருக்கிறார்கள்.

மேலும், உயரம் என்ற அளவுகோலால் நோக்கின் நம் பக்கம் தோற்றதாகச் சொல்ல முடியாது. 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த பிரான்சின் ஷமோனி ஊர் 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். ஆல்ப்ஸில் சறுக்குத் தடங்களைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் தரம் பிரிக்கிறார்கள். ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் சூட்டப்பட்டுள்ளன. பனி மட்டும் ஷமோனியில் விழுவதற்கு அவ்வூர் 46-ஆம் அட்சப் பாகையருகே இருப்பதே காரணம். இந்த அற்பக் காரணம் மேலாய்வுக்குரியது.

முன்னாய்வுகள்: ஆர்தர் கோனன் டாயில் 1894-இல் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸிலிருந்து அரோசாவுக்கு மலை கடந்து சறுக்கிப் போய், அதை ஸ்ட்ராண்ட் இதழில் எழுதினார். அதில் ஆம்பூர் பற்றிக் குறிப்பேதும் இல்லை. இதனை மௌனச் சான்றாகக் கொள்க. 1964 இன்ஸ்ப்ரக் ஒலிம்பிக்கில் ஜெரிமி புஜகோவ்ஸ்கி இந்தியாவுக்காகச் சறுக்கினார். அவர் அணிந்த பூட்ஸின் தோல் எந்த ஊர்த் தோல் என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

பலகை (ஸ்கீ) வகைகள்: தடத்தில் மட்டும் சறுக்குபவருக்கு நடுப்பகுதி 80 மில்லிமீட்டரைச் சுற்றிய அகலம், ஆழ்பனியில் இறங்குபவருக்கு 100-க்கு மேல். புதியவர் நிறுத்திப் பார்த்தால் மோவாய் உயரம் போதும். தேறியவருக்கு நெற்றி வரை வரலாம்.

இனி மையப் பொருளுக்கு வருவோம். ஆம்பூர்க்காரர் பொருள் வாங்கும் முறையியல் தனித்துவமானது. ஷூ ஒன்றைக் கையில் கொடுத்தால் அவர் காலில் போட மாட்டார். முன்பாதியை மடக்கி, தோலின் கிரெயின் வெடிக்கிறதா என்று கண்ணருகே கொண்டுபோவார். உள்ளே கைவிட்டு லைனிங் தோலா ரெக்சினா என்று தடவுவார். பிறகு மூக்கில் வைப்பார். எல்லாம் முடிந்தபின் கேட்பது ஒரே கேள்வி: "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் இருக்கா?"

பையர் தட்டிவிட்ட பீஸே சிறந்த பீஸ் என்பது இவ்வட்டாரத்தின் அடிப்படைக் கோட்பாடு (டீக்கடை பெஞ்சு, வாய்மொழித் தரவு). ஏனெனில் முதல் தரம் கப்பலேறிவிடும். உள்ளூருக்கென்று செய்தது உள்ளூருக்கானது. ரிஜெக்ட் ஒன்றே ஐரோப்பியக் காலுக்காகப் பிறந்து நம் காலுக்கு வந்தது (மேலது, இரண்டாம் டீ). அதன் குறை ஒரு தையல் கோணலாகவோ ஒரு சாயப் புள்ளியாகவோ இருக்கும். வாங்கியவர் அதை வாழ்நாள் முழுதும் தேடுவார், கிடைக்காது. குறை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத பொருளே குறையற்ற பொருள் எனத் துணியலாம் (மேலது, மூன்றாம் டீ; தகவலாளர் பாதியில் பஸ் பிடிக்க எழுந்துவிட்டதால் எஞ்சிய பகுதி, செல்லரித்த ஏட்டைப் பதிப்பிப்போர் மரபுப்படி, ஆய்வாளராலேயே நிரப்பப்பட்டது).

இக்கோட்பாட்டை ஸ்கீக்குப் பொருத்தினால் சிக்கல் எழுகிறது. மடக்கிப் பார்க்கலாம், ஐரோப்பியக் கடைகளிலும் வளைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. முகர்ந்தால் மெழுகு வாசம் வரும். உள்ளே கைவிட வழியில்லை: நடுவில் மரம், மேலும் கீழும் கண்ணாடி இழை, ஓரத்தில் எஃகு. ஷூவைப் போல் இடது, வலது என்ற பேதமும் பொதுவாக இல்லை. ஆகவே ஒரு ஜோடியில் எது ரிஜெக்ட் என்பதே தீர்மானிக்க முடியாததாகிறது (மேலது, நான்காம் டீ, கண்ணாடி டம்ளர்ப் பதிப்பு, காகிதக் கப் பதிப்பில் இவ்வரி காணப்படவில்லை, மூலபாடம் எதுவென்பதில் கடைக்காரருக்கும் டீ மாஸ்டருக்கும் கருத்து வேறுபாடு உண்டு, மாஸ்டரின் பாடமே தொன்மையானது, ஏனெனில் அதில் சர்க்கரை குறைவு).

பூட்ஸ் குறித்து வருத்தத்துடனேயே எழுத வேண்டியுள்ளது. 1960-கள் வரை சறுக்கு பூட்ஸ் தோலால் ஆனது. பின்னர் பிளாஸ்டிக் ஓடு வந்து தோலை வெளியேற்றியது. கையுறையில் மட்டும் ஆட்டுத்தோல் இன்னும் தொடர்வதால் மானம் கையளவில் தப்பியது. அளவு முறையும் மாறிவிட்டது: நம் ஃபேக்டரியில் 42 என்று எழுதுவதை அவர்கள் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து 26.5 அல்லது 27 என்பார்கள்.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டில் மட்டும் பகடிக்கு இடமில்லை. எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடியின் நீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, பூட்டு எப்போது விட வேண்டும் என்று வைக்கும் எண் ஒன்று அதில் உண்டு. வீம்புக்குக் கூட்டி வைத்தால் விழும்போது பூட்டு விடாது, முழங்கால்தான் விடும்.

பயணக் காலம்: பொங்கல் விடுமுறை. புத்தாண்டுக் கூட்டம் கலைந்து, பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக் கூட்டம் வராத இடைவெளி அது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அதில் பனிச்சறுக்கு அடங்குமா என்று சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பல காப்பீடுகளில் அடங்காது.

உணவு: ஆம்பூர் பிரியாணி அங்கே கிடைக்காததன் விளைவுகளுக்குத் தனி முனைவர் பட்டம் தேவை.

ஆய்வு முடிவு: முதல் முறை போகிறவர் ஸ்கீ வாங்கவே வேண்டாம். மலையடிவாரக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸில்தான் பார்வை வேண்டும்: நேராக நின்றால் விரல் நுனி முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் விலக வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. ஷூ ஃபேக்டரியில், கால் அச்சின் மேல் தோலை இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் பிரிவில் நின்றவர்களுக்குக் கால் பொருந்துவது பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புறப்படுமுன் அவர்களில் ஒருவரைக் கேளுங்கள், ஆய்வாளர்களைக் கேட்காதீர்கள்.