இடம்புரி மரை

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக் கூரையில் வெள்ளையாக ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்மோக் அலாரம். வத்தக்குழம்புக்குத் தாளித்தால் அலறும். அப்பளம் பொரித்தால் அலறும். கந்த சஷ்டிக்குச் சாம்பிராணி போட்டபோது அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் விரதம் இருந்தது. இது போதாதென்று, எண்ணெய்ப் புகை குளிர்கோட்டில் ஏறிவிட்டால் மார்ச் மாதம் வரை இறங்காது. லிஃப்டில் கூட வருகிறவர்களுக்குப் பசியெடுக்கும். அதனால் இந்த ஊர்த் தமிழர்கள் பலர் பொரிப்பதற்கென்றே கொல்லையில் ஓர் அடுப்பு வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இல்லை.

அந்த வருஷம் மாமனாரும் மாமியாரும் திருவானைக்காவலிலிருந்து வந்து இறங்கினார்கள். மாமியாரின் பெட்டியில் தேன்குழல் அச்சு இருந்தது. அச்சு வந்துவிட்டால் அடுப்பு வந்தே ஆகவேண்டும்.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்வதற்காக கராஜ் சேல் போட்டிருந்தார். அதில் வார்ப்பிரும்பில் இரண்டு பர்னர் வைத்த அடுப்பு ஒன்று நான்கு காலில் நின்றுகொண்டிருந்தது. வயதில் எனக்கு அண்ணன். பத்து டாலர் என்றார். எட்டுக்குப் பேசி முடித்தேன். அதில் மாட்டியிருந்த பழைய சிலிண்டரைச் சும்மாவே தந்தார். அப்போது அவர் முகத்தில் படர்ந்த நிம்மதியை நான் கவனித்திருக்க வேண்டும்.

மாமா ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஆடிட் பிரிவு. தீப்பெட்டியானாலும் லேபிளைப் படிக்காமல் குச்சியை எடுக்கமாட்டார். அடுப்பின் விலாவில் துருப்பிடித்த தகடு ஒன்று இருந்தது. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் கிட்டத்தில் போய்ப் படித்தார்.

"மாப்பிள்ளை, இதை அவங்க வீட்டுல எங்க வச்சிருந்தாங்க?"

"கராஜ்லதான் மாமா. ஏன்?"

"பதினோரு இஞ்ச் டபிள்யூ.சி.ன்னு போட்டிருக்கே!"

மாமியார் அச்சோடு இரண்டடி பின்னால் போனார். ரயில் பெட்டியிலும் சினிமா தியேட்டரிலும் டபிள்யூ.சி. என்று எழுதியிருக்கும் கதவைத் தவிர வேறெதையும் அறியாத குடும்பம் அது. நான் அவசரமாக போனில் தேடிப் பார்த்துச் சமாதானம் சொன்னேன். அது வாட்டர் காலம். தண்ணீரைக் குழாயில் பதினோரு அங்குலம் தூக்கி நிறுத்துகிற அழுத்தம். இளநீர்க் கடையில் குழந்தை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும் பலம், அவ்வளவுதான். நம் ஊர் வீட்டு அடுப்பும் கிட்டத்தட்ட அதே அளவைத்தான் கேட்கிறது. ஆனால் இதமான ஒரு நாளில் புரொப்பேன் சிலிண்டருக்குள் இருப்பது சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல். அடுப்பு கேட்பது அரை பவுண்டுக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவில் தட்டையாக, சப்பாத்தி உருண்டையை அமுக்கினதுபோல உட்கார்ந்திருப்பதுதான் ரெகுலேட்டர்.

"அதாவது கேஷியர்" என்றார் மாமா. "லாக்கர்ல கோடி இருந்தாலும் கவுண்ட்டர்ல ஐந்நூறுதான் வெளியே வரணும்."

எங்கள் கேஷியரைப் பார்த்தேன். அதிலிருந்து போகும் ரப்பர் குழாயை லேசாக மடக்கியதும் வெயிலில் காய்ந்த வடாம் மாதிரி வெடிப்பு விட்டது. மாற்றுவதென்று முடிவாயிற்று. முதலில் சிலிண்டரிலிருந்து பழையதைக் கழற்ற வேண்டும். பித்தளை நட்டு. ஸ்பேனரைப் போட்டு இடதுபக்கம் திருப்பினேன். அசையவில்லை. எண்ணெய் விட்டேன். சிலிண்டரைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மாமா எதிர்ப்புறம் பிடிக்க, முழு பலத்தையும் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் என் தோள்பட்டை கழன்றதே தவிர நட்டு கழலவில்லை. சொல்லப்போனால் முன்பைவிட இறுகியிருந்தது.

"எங்கப்பா கடையில சைக்கிளோட இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமா இருக்கும்" என்றார் மாமியார், யாரிடமென்று இல்லாமல். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. செம்பருத்திச் செடியிடம் சொல்வார், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலதுபக்கம் திருப்பினேன். நான் அரை மணி நேரம் இறுக்கியதெல்லாம் ஒரு முனகலில் விட்டுக்கொடுத்தது. மரை கழன்றது. எனக்கு முன்னமே கழன்றிருந்தது.

சங்கில் வலம்புரி அபூர்வம். மரையில் இடம்புரி அபூர்வம். எரியும் வாயுவுக்கு வேண்டுமென்றே இடம்புரி மரை போடுவார்கள், வேறு எதன் குழாயையும் யாரும் தப்பித்தவறி அதில் மாட்டிவிடக்கூடாது என்று. நம் ஊர் வெல்டிங் பட்டறையில் அசிட்டிலீன் சிலிண்டரின் நட்டும் இப்படித்தான் திரும்பும். எங்கள் பித்தளை நட்டுக்கு பி.ஓ.எல். என்று பெயர். பிரெஸ்ட்-ஓ-லைட் என்ற கம்பெனிப் பெயரின் சுருக்கம். கார்களுக்கு மின்விளக்கு வராத காலத்தில் முகப்பு விளக்குக்கு அசிட்டிலீன் அடைத்து விற்ற இண்டியானாபோலிஸ் கம்பெனி அது. கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் அலிசன் என்ற இருவர் நடத்தினார்கள். தொழிற்சாலை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வெடித்து, ஊருக்குள் இருக்கக்கூடாது என்று விரட்டப்பட்டது. இதே இருவர்தான் வேறு கூட்டாளிகளோடு சேர்ந்து, 1909-ல் இண்டியானாபோலிஸ் கார் பந்தயத் திடலையும் திறந்தவர்கள். வெடிப்பதும் வேகமும் தவிர வேறெதிலும் ஆர்வமில்லாதவர்கள் போலிருக்கிறது. அவர்கள் பெயரைத் தாங்கிய நட்டு, நூறு வருஷம் கழித்து, கடலைமாவு வாசனை அடிக்கும் எங்கள் கொல்லையில் கிடந்தது. இதை நான் இரவு சாப்பாட்டின்போது சொல்ல, மாமா பேப்பர் நாப்கினில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு என்ன பாடுபடுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

மறுநாள் பழைய சிலிண்டரை நிரப்பக் கொண்டுபோனோம். நிமிர்ந்த நிலையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று மாமா படித்துவிட்டார். காரில் அதற்கு சீட் பெல்ட் போட்டு, பக்கத்தில் அவரே உட்கார்ந்து தோளில் கைபோட்டுக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தால் பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி இருந்திருக்கும். நிரப்புமிடத்தில் இருந்த பையன் சிலிண்டரின் தலையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான். வால்வைத் திருகும் கைப்பிடி முக்கோணமாக இருக்க வேண்டுமாம்; எங்களுடையது பூ மாதிரி வட்டம். முக்கோணம் என்றால் உள்ளே ஒரு மிதவை இருக்கிறது என்று அர்த்தம், நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற பந்து மாதிரி. எண்பது சதவீதம் நிரம்பியதும் அது வாயை மூடிவிடும். மீதி இருபது, வெயிலில் திரவம் விரிவதற்கான இடம். அந்த மிதவை இல்லாத சின்ன சிலிண்டர்களை நிரப்பக்கூடாது என்று விதி வந்த நாள் 2002 ஏப்ரல் 1. தேதியைக் கவனிக்கவும். இருபது வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்து மாட்டிக்கொண்டேன்.

புது சிலிண்டர் வாங்கினோம். அதற்கு ரெகுலேட்டர் வாங்கப் போன கடையில் இரண்டு ஜாதி தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சாம்பல் நிறத்தில் சாது. மற்றது ரத்தச் சிவப்பு, மேலே திருகு வைத்தது. மாமாவுக்குச் சிவப்புதான் பிடித்தது.

"வால்யூம் கூட்டறாப்பல இருக்கு மாப்பிள்ளை. வேணுங்கிறப்ப கூட்டிக்கலாம்."

அட்டையில் பூஜ்யத்திலிருந்து இருபது பவுண்டு என்று போட்டிருந்தது. எங்கள் அடுப்பு கேட்டதைப்போல ஐம்பது மடங்கு. முழு வான்கோழியை எண்ணெயில் முக்கிப் பொரிக்கிற ஒற்றை பர்னர் அடுப்புகளுக்கு அது. இதையும் தகட்டைப் படித்த மாமாதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, அவர் தேர்வை அவரே ஆட்சேபித்தார். ஆடிட்டர் என்றால் அப்படி இருக்கவேண்டும். சாது இருபத்தைந்து டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் மனைவி வீட்டு வாசலிலேயே வரவேற்றாள்.

புதிய நட்டு பிளாஸ்டிக், முறுக்கு வாளி மூடி மாதிரி பெரியது. வலதுபக்கம் கையாலேயே இறுக்கிவிடலாம், ஸ்பேனரே வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஏற்பாடு. நெருப்பு பக்கத்தில் வந்தால், தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்குச் சற்று மேலே போனதுமே பிளாஸ்டிக் உருகி, வால்வு தானாக மூடிக்கொள்ளும். சரியாக மாட்டாவிட்டால் சிலிண்டர் வாயே திறக்காது. குழாய் அறுந்து வாயு பிய்த்துக்கொண்டு போனால் உள்ளே ஒரு அடைப்பு விழும். ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதைச் செய்தவர்கள் என்னை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. புதிய சிலிண்டரின் வாய்க்குள் அந்தப் பழைய இடம்புரி மரையையும் விட்டுவைத்திருக்கிறார்கள். வெளியே வலம்புரி, உள்ளே இடம்புரி. பழைய பித்தளை நட்டே அதில் மாட்டும். இதைச் சொன்னதும் மாமா, "அப்போ இருபத்தைஞ்சு டாலர்?" என்றார். நான் வெடித்த ரப்பர் குழாயைக் காட்டினேன். வவுச்சர் பாஸாகியது.

குழாயின் மறுமுனை அடுப்பில் சேரும் இடத்துக்கு எட்டில் மூன்று அங்குல ஃப்ளேர் என்று பெயர். ஸ்கேல் வைத்து அளந்தால் மரை எட்டில் ஐந்து. எட்டில் மூன்று என்பது அந்தக் காலத்தில் அதில் சொருகிய செப்புக் குழாயின் பருமனாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்ததுபோல. சரி என்று, நம் ஊர் பிளம்பர் வழக்கப்படி வெள்ளை டெஃப்லான் டேப்பை ஏழு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தோம் என்ற திருப்தி அந்த டேப்பில்தான் இருக்கிறது.

அடுத்தது கசிவுச் சோதனை. மூக்கால் பார்க்கலாம் என்றார் மாமா. புரொப்பேனுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. 1937-ல் டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டனில், கசிந்த எரிவாயு யாருக்கும் தெரியாமல் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமே வெடித்தது. ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமாக வரத் தொடங்கியது. சேர்ப்பது ஒரு கந்தகச் சரக்கு. பெருங்காயத்தின் வாசனையும் கந்தகச் சரக்குதான். மாமியார் தேன்குழல் மாவுக்குப் பெருங்காயம் கரைத்துக்கொண்டிருந்த கொல்லையில் எந்த மூக்கை நம்புவது? பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து இணைப்பெல்லாம் தடவினோம். பிளாஸ்டிக் நட்டு கம்மென்றிருந்தது. என் ஏழு சுற்று டேப்பில் மட்டும் ஒரு குமிழி எழுந்து, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி நிதானமாக உப்பி, வானவில் காட்டி உடைந்தது. அடுத்தது எழுந்தது.

ஃப்ளேர் இணைப்பில் பித்தளையும் பித்தளையும் கூம்பு முகத்தோடு முகம் பொருந்தித்தான் அடைக்கும். நடுவில் டேப் வந்தால் பொருந்தாது. மாமா அதை மானுவலின் நாலாம் பக்கத்தில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். "சொல்லலாம்னுதான் இருந்தேன். மாப்பிள்ளை மனசு சங்கடப்படுமேன்னு..." டேப்பை உரித்துத் துடைத்து மறுபடி இறுக்கினேன். குமிழி நின்றது.

பற்றவைத்தோம். சுடர் வந்தது. கார்த்திகை அகல் அளவுக்கு. ஒரு பர்னர் நீலம். மற்றது மஞ்சளாகப் புகைந்தது. வெளியே ஐந்து டிகிரி குளிர். பியூட்டேன் கலந்த நம் ஊர் சிலிண்டர் என்றால் குளிரைச் சொல்லித் தப்பிக்கலாம்; மைனஸ் நாற்பத்திரண்டிலும் கொதிக்கிற புரொப்பேனிடம் அந்தச் சாக்கு செல்லாது. எண்ணெய் இருபது நிமிஷமாகக் கோபமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மாமியார் அச்சில் மாவை அடைத்துக் கையில் பிடித்தபடி செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ரெகுலேட்டர் கோளாறு, திருப்பிக் கொடுக்கிறேன் என்று கிளம்பியவனை மாமா உட்காரவைத்தார். பக்கம் ஏழு. நான் அடுப்பின் திருகை முதலில் திறந்துவிட்டு, அப்புறம் சிலிண்டரை ஒரே வீச்சில் திறந்திருக்கிறேன். வாயு திமுதிமுவென்று ஓடவும், குழாய் அறுந்துவிட்டதாக அந்த நட்டு முடிவுகட்டி முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் மூடி, கழற்றி, சற்றுப் பொறுத்து, திரும்ப மாட்டி, அடுப்புத் திருகு மூடியிருக்கும்போதே சிலிண்டரை மெல்லத் திறக்க வேண்டும். தூங்குகிற குழந்தை இருக்கும் அறைக்கதவைத் திறப்பதுபோலத் திறந்தேன். நீலச் சுடர் எழும்பி நின்றது.

மஞ்சள் பர்னருக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. கேஸ் வாசனை சில சிலந்திகளுக்கு உயிர். பெட்ரோல் வாசனையும் அப்படியே. 2011-ல் மாஸ்டா கம்பெனி, எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாயில் சிலந்தி கூடு கட்டுகிறதென்று அமெரிக்காவில் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. பிரஷ்ஷை விட்டுக் குடையப்போனேன்.

"பார்த்து" என்றார் மாமியார். இந்தத் தடவை நேராக என்னிடம். ஜம்புகேஸ்வரருக்கு வலை பின்னிய சிலந்தியின் ஊர்க்காரர். சிலந்தியை ஒரு குச்சியில் ஏற்றி வேலியோரம் விட்டுவிட்டு வந்து குடைந்தேன்.

அன்று மூன்று கிலோ மாவுக்குத் தேன்குழல் பிழிந்தார். அலாரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது மாமா அந்தப் பழைய பித்தளை நட்டை வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அந்த இடத்தில் ஒரு பாதாம் பாக்கெட் வைக்கலாம் என்றார் மாமியார். நட்டுதான் போயிற்று. பத்து நாள் கழித்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு கேஸ் போடற பையன் வந்தான். நட்டைக் காமிச்சேன். மரையைத் தப்பா வெட்டியிருக்காங்க சார்ங்கறான்! உட்காருப்பான்னு சொல்லி, நாப்கினை எடுத்து வச்சுக்கிட்டு..."

பின்னாலிருந்து மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கார் பந்தயம் வரைக்கும் வந்துட்டாருடி. அந்தப் பையன் இன்னும் ஒன்பது வீட்டுக்கு சிலிண்டர் போடணும்."