சப்பாத்தைக் கழட்டு மனே

மலைக்கு மேல ஏரி இரிக்கிற இடமாப் பாத்து நடந்து போகோணும் எண்டு நிக்கிறாய். நல்ல ஆசைதான். பிறந்தது மட்டக்களப்பு வாவிக் கரையில. 56 கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்ணி கிடக்கு. நிலாக்கால ராவில கல்லடிப் பாலத்தடியில சவள் ஒண்டத் தண்ணிக்குள்ள குத்தி, மற்ற முனையில காதை வச்சா மீன் பாடுதெண்டு ஊரே சொல்லுது. அது உனக்குக் காணாது. தண்ணி உசரத்தில இரிக்கோணும்.

சரி, நுவரெலியாவுக்குப் போ. அந்தக் குளம் கவர்னர் கிரெகறி 1873ல உண்டாக்கினது. படகு வாடகையக் கேளு, அதுதான் அங்க கதை. கிட்டவா வேணுமெண்டா குடும்பிமலை, 534 மீற்றர். எங்கட ஆக்களுக்குக் குடும்பியாத் தெரிஞ்சது, சிங்களத்தில தொப்பிகல, வெள்ளைக்காரனுக்கு 'பாரன்ஸ் கேப்'. அவனவன் தலையில என்ன இருந்துதோ, அதுதான் மலைக்கும்.

நான் சொல்றது உகந்தை. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் தாண்டி, பாணமைக்கும் அங்கால, கடலடியில. மலை எண்டோண்ணப் பெரிசா நினைச்சிராத. உன்ட காலுக்கு ஒரு மூச்சு, என்ட காலுக்கு மூணு. அடியில முருகன், மேல வள்ளியம்மன். பாறைக் குழிவில தண்ணி தேங்கி நிக்கிற சுனைதான் மனே நீ தேடுற ஏரி. குனிஞ்சு பார். வானமும் உன்ட மூஞ்சியும் ஒண்டாக் கிடக்கும். வாற்பேத்தை ஒண்டு உன்ட மூக்குக்குள்ளால நீந்திப் போகும்.

முருகன் கல்லுத்தோணியில வந்து இறங்கின இடம் அது. தோணி இப்பவும் கரையில பாறையாக் கிடக்கு. "கல்லு மிதக்குமா அப்பப்பா?" எண்டு கேப்பாய். இரும்புக் கப்பல் மிதக்கிறதக் கண்டு வாய் திறக்காதவன் நீ. இப்ப அந்த அலையில வெள்ளைக்காரப் பொடியனுகள் பலகை போட்டுச் சறுக்கி விழுறானுகள். முருகன் விழுந்ததா ஒருத்தரும் சொல்லல்ல.

போறதெண்டா ஆடியில போ. மட்டக்களப்பில இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற சனம் உகந்தையில கூடும். காட்டுப்பாதை திறந்தா குமண, கும்புக்கன் ஆறு, யால எண்டு நடை. அந்த வழியில எல்லாரும் சாமி. வங்கி மனேச்சரும் சாமி, கச்சான் விக்கிறவரும் சாமி. உன்ட விலை கூடின சப்பாத்தக் கழட்டி அடிவாரத்தில வச்சிட்டு விடியப்புறமா ஏறு, மத்தியானம் அந்தப் பாறை தோசைக்கல்லு. எண்பது வயசுக் கிழவி ஒருத்தி தலையில மூட்டையோட, வெறுங்காலோட உன்ன முந்துவா. வழி விடு. "மெதுவாப் போங்க ஆச்சி" எண்டு புத்தி சொல்லிராத. மறுகா நீ மூச்சு வாங்கிக் குந்தேக்க அந்தப் புத்தியத்தான் அவ உனக்குத் திருப்பித் தருவா.

வள்ளிக் கதை தெரியுந்தானே? முருகன் கிழவனா வந்து, தினைமாவும் தேனும் வாங்கித் திண்டு, விக்குது எண்டு தண்ணி கேட்டான். பாவமெண்டு சுனைக்குக் கூட்டிப் போனாள் பிள்ளை. தாகம் தீந்த கையோட கிழவன் கலியாணம் கேட்டான். அண்ணன்காரன் யானையா வந்து வெருட்டினபடியாத்தான் காரியம் ஒப்பேறினது. அதால, தண்ணி கேக்கிற கிழவன லேசா எண்ணாத.

எனக்குக் கலியாணம் வேணாம். உன்ட அப்பம்மா உள்ளுக்க கேட்டுக்கொண்டுதான் இரிக்கிறா. ஒரு போத்தல் தண்ணியும், என்ட பையத் தூக்க ஒரு ஆளுந்தான் வேணும். ஆடிக்கு லீவு போட்டிட்டு வா.