வருந்துவது யார்?

ஆங்கிலத்தில் மழைகூடத் தானாகப் பெய்துவிட முடியாது. முன்னால் ஒரு ‘இட்’டை நிறுத்தி, ‘இட் இஸ் ரெய்னிங்’ என்றால்தான் பெய்யும். அந்த ‘இட்’ வானமா, மேகமா, வருண பகவானா என்று பள்ளியில் கேட்டேன். “எழுவாய் இல்லாம இங்கிலீஷ்ல வாக்கியமே கிடையாது, உட்காருடா” என்றார் சார்.

அந்தச் சட்டத்தை நம்பி வளர்ந்தவன் வேலைக்குப் போய் லண்டன்காரர்களின் மெயில்களைப் படித்தால், ‘ஹோப் யூ ஆர் வெல்’ என்று ஆரம்பிக்கிறார்கள். நம்புவது யார்? ‘வில் கால் டுமாரோ.’ கூப்பிடப் போவது யார்? ‘சவுண்ட்ஸ் குட்.’ எது? ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிவிட்டு, வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழக்கம் புதிதும் அல்ல. 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் லண்டன் கடற்படை அலுவலகத்து அதிகாரி. பல நாள் ‘ஐ’ இல்லாமலே எழுந்து, ‘ஐ’ இல்லாமலே ஆபீஸ் போய், ‘ஐ’ இல்லாமலே படுத்தும்விடுகிறார். அவருடைய நாட்குறிப்பில் வேறு யார் வந்து படுக்கப் போகிறார்கள்? பிறகு தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு. முதலில் வெட்டுப்பட்டது ‘ஐ’தான். ‘ரீச்டு சேஃப்லி’ என்று வந்தால், ஊருக்குப் போனவர் எவரோ அவர் போய்ச் சேர்ந்தார் என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள்.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘வந்தேன்’ என்றாலே ஆள் நான்தான். விகுதி காட்டிக்கொடுத்துவிடும். தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆங்கிலத்தில் நான் வந்தாலும் ‘கேம்’, மாமனார் வந்தாலும் ‘கேம்’. மாமனாருக்கு இது தெரிந்தால் வருத்தப்படுவார்.

ஆனால் லண்டன்காரர்கள் எழுவாயைக் கண்ட இடத்தில் கழற்றுவதில்லை. பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில்தான் அனுமதி. ‘திங்க் ஐ வில் கம்’ எனலாம். ‘ஐ திங்க் வில் கம்’ எனக் கூடாது. ‘அண்ட்’ மட்டும் விலக்கு: அதைப் போட்டு ஒருவரின் இரண்டு வினைகளைக் கோத்தால் இரண்டாவதற்கு எழுவாய் வேண்டாம். கேள்வியில் ‘டூ யூ’ இரண்டையும் விழுங்கிவிட்டு ‘வாண்ட் டீ?’ என்றும் கேட்கலாம், டீ கொடுப்பதாக இருந்தால். நம் விடுமுறைக் கடிதத்தின் ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ இருக்கிறதே, அதில் ‘ஆஸ்’ முந்திக்கொண்டதால் ‘ஐ’யை எடுக்கவே முடியாது. காய்ச்சல் இல்லாதவனும் ‘ஐ’ போட்டே பொய் சொல்ல வேண்டும்.

இந்தச் சலுகையை முழுதாக அனுபவிப்பவை அலுவலகங்கள்தாம். தொலைக்காட்சியில் அந்தக் காலத்தில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று போடுவார்கள். ‘நாங்கள்’ இல்லைதான்; ஆனால் அந்த ‘ஓம்’ மாட்டிக்கொள்கிறது. உள்ளே நாலு பேர் வருந்திக்கொண்டிருப்பதாக நாமும் சமாதானமாவோம். ‘ரிக்ரெட் த இன்கன்வீனியன்ஸ்’ என்பதில் அப்படி ஒரு பிடியும் கிடையாது.

எங்கள் குடியிருப்பு லிஃப்டில் அந்த வாசகத்தை ஒட்டியிருந்தார்கள். வருந்துவது யார் என்று செயலாளரிடம் கேட்டேன். லிஃப்ட் கம்பெனிக்காரர் என்றார். கம்பெனிக்காரர், காகிதம் ஒட்டியது தாங்கள் இல்லை என்றார். வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

“ஒட்டினது நான்தான் சார். ஆனா எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. நான் கீழேதானே இருக்கேன்.”